போதும் என்று தெரியாத யானை

முன்னொரு காலத்தில் கொன்றைச் சீமையை மகரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் யானை வேண்டும் என்பார், மத்தியானம் யானைக்கு ஏன் இறக்கை இல்லை என்பார். அப்படி ஒரு மனசு.

அந்த ஊரில் ஏவல் சாலை என்று ஒரு பள்ளி. அங்கே பிள்ளைகள் ஓலையில் வரிசையாக ஏவல் எழுதி மரப்பொம்மையின் வயிற்றில் செருகுவார்கள். எழுதியதை எல்லாம் பொம்மை செய்யும், எழுதாததைச் செய்யாது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நேர் எதிர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒருநாள் ராஜா சபையில் சொன்னார்: "என் பிறந்தநாள் விருந்தில் பொம்மைதான் பாயசம் பரிமாற வேண்டும். பிள்ளைகள் அணி சேரட்டும். எப்படிச் செய்வது என்று அவர்களே முடிவு செய்யட்டும்."

சாலைத் தலைவர் பட்டாபிராமர் எழுந்தார். மந்திரி செவ்வந்தியின் பதவி முத்திரை மோதிரத்தின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"மன்னா, ஓர் அணி எனக்கு, ஓர் அணி மந்திரி அம்மாளுக்கு. தோற்றால் அவர் மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கட்டும்."

"நீங்கள் தோற்றால்?" என்றாள் செவ்வந்தி.

"நீங்கள் சொன்னபடி."

"பிள்ளைகளுக்கு ஒரு பந்தி பரிமாறுங்கள். அது போதும்."

"ஆகட்டும்" என்றார் ராஜா. யோசிக்கவே இல்லை.

பட்டாபிராமர் முந்திக்கொண்டு முதல் வரிசைக் கெட்டிக்காரர்கள் ஐந்து பேரையும் அள்ளிக்கொண்டார். செவ்வந்தி கணக்குப் போட்டுப் பார்த்தாள். மோதிரம் போனால் அந்த இடத்தில் இந்த மனுஷர் உட்காருவார், சாலையில் எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இடமே இருக்காது. ஆனால் முகத்தில் காட்டவில்லை. மிச்சப் பிள்ளைகள் எல்லாரையும் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து, தன் கையால் கூட்டு வைத்து இலை போட்டாள்.

ஓர் இலை விட்டு ஓர் இலைக்கு உப்பு வைக்கவில்லை. மற்றதெல்லாம் பரிமாறிவிட்டு ஓரமாக நின்று பார்த்தாள். உப்பு இருந்தவர்கள் பலர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். நாலு பேர் மட்டும் எட்டிப் பார்த்து, "இவனுக்கு உப்பு வரலைங்க" என்றார்கள். அடுத்தவர் இலையைப் பார்ப்பது மரியாதை இல்லைதான். அன்றைக்கு அதுதான் பரீட்சை.

ஐந்தாவதாக ஒரு பெண் கேட்டாள்: "அம்மா, உப்பை மறந்துட்டீங்களா, வேணும்னே வைக்கலையா?"

அவள்தான் முத்துவடிவு. நொய்நொய் என்று கேள்வி கேட்பாள் என்று எந்த அணியும் சேர்க்காத பெண். "அந்த நாலு பேரோட நீயும் என் அணிக்கு வாடி கண்ணு" என்றாள் செவ்வந்தி.

பட்டாபிராமர் அணியில் ஒருவன் தும்பிக்கையால் பாயசம் ஊற்றும் யானை என்றான். ஒருவன் யானை ஆட வேண்டும் என்றான், இன்னொருவன் பாட வேண்டும் என்றான். ஒருவனும் விட்டுக்கொடுக்கவில்லை. "எல்லாத்தையும் வையுங்கள்" என்று முடித்தார் தலைவர்.

இங்கே முத்துவடிவு ஆரம்பித்தாள். "ஊத்துறது இருக்கட்டும். எப்ப நிறுத்துறது?"

"போதும்னு சொன்னா நிறுத்த வேண்டியதுதான்" என்றான் ஒருவன்.

"எங்க மாமா போதும் போதும்னு சொல்லிக்கிட்டே இன்னொரு கரண்டி வாங்குவாரே?"

எல்லாரும் சிரித்தார்கள். செவ்வந்தி சிரிக்கவில்லை. "அதையே எடுத்துக்குங்க பிள்ளைகளா. நிறுத்தத் தெரிஞ்ச பொம்மை."

கேள்விப்பட்ட பட்டாபிராமர் சபையிலேயே கேலி பேசினார். "நிறுத்துவதற்கு ஒரு பொம்மையா? ராஜா வீட்டு விருந்தில் போதும் என்ற சொல்லுக்கே இடமில்லை அம்மணி."

விருந்து நாள் வந்தது. யானை ஆடிக்கொண்டே வந்தது, பாடிக்கொண்டே ஊற்றியது. ராஜாவுக்கு வாயெல்லாம் பல். இலை நிறைந்தது. "போதும்" என்றார். யானை ஊற்றியது. "போதுமய்யா." யானை அடுத்த பாட்டை எடுத்தது. பட்டு வேட்டி எல்லாம் பாயசம், மடியில் முந்திரி.

"நீ நிறுத்த எழுதலையா?" என்றான் யானை அணியில் ஒருவன்.

"நான் தும்பிக்கைதான் எழுதினேன். நீ?"

"நான் பாட்டு."

செவ்வந்தி போய் யானை வயிற்றிலிருந்து ஓலையை உருவினாள். "மன்னா, போதும் என்ற சொல்லுக்கே இடமில்லை என்று தலைவர் சொன்னார். யானையும் கேட்டுக்கொண்டது."

ராஜா வேறு வேட்டி உடுத்தி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, புது இலை முன் உட்கார்ந்தார். ஆட்டமும் இல்லை பாட்டும் இல்லை. குட்டியாக ஒரு பொம்மை வந்து ஒரு கரண்டி ஊற்றியது. ராஜா சட்டென்று இலைக்கு மேலே கையை வைத்து மறைத்தார். பொம்மை நின்றது.

பாயசம் அமிர்தமாக இருந்தது. கோபத்தை விடவும் முடியவில்லை, ஆசையை விடவும் முடியவில்லை. பொம்மை மறுபடி கரண்டியோடு வந்ததும், "போதும், போதும்" என்று கையை வைத்தார். பொம்மை குனிந்து பார்த்தது. விரல் இடுக்கு வழியாக இன்னும் அரைக் கரண்டி ஊற்றியது.

"இதற்கு எப்படித் தெரிந்தது?" என்றார் ராஜா.

"விரல் ஒட்டியிருந்தா நிஜமாவே போதும், ராஜா. விரிஞ்சிருந்தா வாய்தான் போதும்னு சொல்லுது" என்றாள் முத்துவடிவு. "எங்க மாமா கையும் இப்படித்தான் இருக்கும்."

ராஜா சிரித்த சிரிப்பில் பந்தியே குலுங்கியது. "மோதிரம் இருக்கிற விரலிலேயே இருக்கட்டும். மந்திரி வீட்டு உப்புப் பந்திக் கதை என் காதுக்கும் வந்தது. கூட்டு வைக்கத் தெரிந்தவருக்குத்தான் கூட்டுச் சேர்க்கவும் தெரிகிறது. பட்டாபிராமரே, கரண்டியை எடும்."

பிள்ளைகள் பந்தி உட்கார்ந்தது. பட்டாபிராமர் குனிந்து குனிந்து பரிமாறிக்கொண்டு வந்தார். முத்துவடிவு இலைக்கு மேலே கையை வைத்து, "போதுங்க" என்றாள். அவர் விட்டால் போதும் என்று அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

"தலைவரே," என்று ராஜா கூப்பிட்டார், "விரலைப் பாரும்."