இருளப்பனைப் பார்க்க வந்தவர்கள்

அன்று ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: சுற்றுலா வந்த இடத்தில் அருவிப் பாறையில் வழுக்கிக் கால் முறிந்த இருளப்பன், அவன் மனைவி பேச்சி, மாவுக்கட்டுப் போட்ட நர்ஸ், மேனேஜர் தண்டபாணி.

“இன்சூரன்ஸ் இல்லையா? அப்போ பணத்தை முழுசாக் கட்டுற வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது” என்றார் மேனேஜர்.

“சரிங்கய்யா. ஏ பேச்சி, நான் ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன்னு ஊருக்கு ஒரு போன் போடு.”

மறுநாள் மூன்று லாரிகளில் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு பிரெட் பாக்கெட். வராந்தா முழுக்கப் பாய் விரித்தார்கள். ஆபரேஷன் அறை வாசலில் ரசம் கொதித்தது. அத்தை ஒருத்தி மேனேஜரையே நோயாளி என்று கட்டிப்பிடித்து அழுதாள்.

“இவங்க எப்பய்யா போவாங்க?”

“நான் போனாப் போவாங்க. மாமனார் ஊர்க்காரங்க இன்னும் வரலைங்கய்யா.”

“பணமே வேண்டாம், கிளம்பு!” என்று மேனேஜரே சக்கர நாற்காலியைத் தள்ளிப்போய் லாரியில் ஏற்றினார்.

அறையில் நாற்பத்தொரு பிரெட் பாக்கெட் கிடந்தது. மேனேஜர் களைப்பில் ஒன்றைப் பிரித்துத் தின்றார். மீதி நாற்பது.