முதல் மூட்டை யாருக்கு?

கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. அதற்கு ஒரே ஒரு சரக்குத் துறை. புயலுக்குப் பின் முதலில் வரும் கப்பலின் கேப்டன், முதல் மாவு மூட்டையைத் தாம் அதிகம் நன்றிக்கடன் பட்ட ஒருவருக்குத் தர வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ஒருவருக்குத்தான், பங்கு போடக் கூடாது. தூத்துக்குடிக்காரரான கேப்டன் கஸ்மீர் கொரைரா அப்படியொரு மூட்டையோடு மூன்று பேர் முன்னால் திருதிருவென்று விழித்த கதை இது.

மாவும் குடிதண்ணீருமாக அவர் கப்பல் வந்தபோது, வழிகாட்டும் மிதவைகளைப் புயல் அடித்துக்கொண்டு போயிருந்தது. "வழி எப்படி இருக்குன்னு தெரியல. தெரியிற வரைக்கும் உள்ள வராதீங்க," என்றாள் துறைமுக அதிகாரி எலோடி, வயர்லெஸ்ஸில் ஆங்கிலத்தில். ஊரே தாகத்தில் தவித்தது, அவள் பிள்ளைகளும்தான். அவளைத் திட்டாத வாயில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்களே, கஸ்மீரும் தம் பங்குக்கு, "நாற்காலியில உக்காந்துக்கிட்டு பேசுதா பாரு," என்று ஏசினார். ஆனாலும் நங்கூரத்தைத் தூக்கவில்லை.

மறுநாள் பாஸ்கல் என்ற மீனவன் முங்கி முங்கி வழி பார்த்தான். கை கிழிந்து ரத்தம் கொட்டியது. நட்டநடு வழியில் ஒரு பெரிய தோணி மூழ்கிக் கிடந்தது. அதைச் சுற்றிப்போகக் காலிப் பீப்பாய்களை மிதக்கவிட்டான். கப்பல் கீறலின்றிக் கரை சேர்ந்தது. கரையிலோ கரண்ட் இல்லை, கிரேன் அசையவில்லை. கிரேன் ஓட்டும் ஜெர்மேன் நாற்பது பேரைக் கூட்டிவந்து, அத்தனை சரக்கையும் தோளிலேயே இறக்கிவிட்டான்.

"பாஸ்கலுக்குக் குடுங்க அண்ணாச்சி, உயிரக் குடுத்து முங்குனாம்லா," என்றான் மாலுமி சூசை.

"ஜெர்மேன் இல்லாட்டி சரக்கு கப்பல்லயே கெடந்திருக்குமே," என்றார் கஸ்மீர். மூன்று பேர் மீதும் அவருக்கு நெஞ்சு நிறைய நன்றி. மூட்டைதான் ஒன்று.

நீங்களே சொல்லுங்கள், அந்த மூட்டை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: எலோடிக்கு. மற்ற இருவர் செய்ததும் பேருதவிதான்; ஆனால் அவர்களை ஊர் அப்போதே வாழ்த்தியது. முதல் நாளே வரச் சொல்லியிருந்தால் எலோடியையும் வாழ்த்தியிருக்கும். ஆனால் கப்பல் அந்தத் தோணிமேல் மோதியிருக்கும். பிள்ளைகளின் வறண்ட வாயைப் பார்த்துக்கொண்டே வேண்டாம் என்றவள் அவள். கஸ்மீர் மூட்டையை அவள் முன் வைத்து, "ஒங்கள ஏசிட்டேன் தாயி, மன்னிச்சிருங்க," என்று தமிழிலேயே சொன்னார். அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. மூட்டையின் ஒரு முனையை அவள் பிடித்தாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவர் அவள் வீடுவரை நடந்தார்.