நடுவில் கோடு போட்ட பாலம்

கேள்வி கடைசியில்தான் வரும். அதுவரை காதைக் கொடுங்கள். விடைக்கு வேண்டியதையெல்லாம் வழியிலேயே போட்டு வைத்திருக்கிறேன். பொறுக்கிக்கொள்வது உங்கள் பாடு.

மணியாற்றின் இந்தக் கரையில் நெல்லிநகர், அந்தக் கரையில் வேங்கைநகர். இடையே ஒரு பழைய பாலம். இரண்டு நகராட்சிகளும் அதை ஆளுக்குப் பாதியாகப் பராமரித்தன. சரிபாதியில் ஒரு மஞ்சள் கோடு. இந்த ஊர்த் துடைப்பம் கோட்டோடு நின்றுவிடும். அதற்கப்பால் கிடக்கும் வாழைப்பழத் தோல் அந்த ஊர்க்காரர்களின் சொத்து.

ஒருநாள் நிலம் லேசாக நடுங்கியது. வீடுகளில் பாத்திரங்கள் உருண்டன, அவ்வளவுதான். ஆனால் கோட்டுக்கு நேர் கீழே இருந்த தூணில் விரிசல் விட்டது. வேங்கைநகர் நகராட்சிப் பொறியாளர் மங்கையற்கரசி ஆற்றில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு ஊரும் கூடிய கூட்டத்தில் சொன்னார்: "இதை உடனே மூடணும். புதுசு கட்டணும்."

நெல்லிநகரின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சூசை எழுந்தார். "என் வண்டி பாரத்தைக்கூடத் தாங்காதாம்மா?"

"பாரம் தாங்கும். நடுக்கம்தான் தாங்காது. அடுத்தது எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. வர்ற நேரத்துல பாலத்து மேல யாரும் இருக்கக் கூடாது."

புதுப் பாலத்துக்கு இரண்டு ஊரும் உடனே தலையாட்டின. மூடுவதில்தான் சிக்கல். தன் கரையில் கதவு வைத்தால் தன் பாதிதான் பழுது என்று ஆகிவிடுமே! கடைசியில் கோட்டின் மேலேயே, பாலத்தின் நட்டநடுவில், இரும்புக் கதவு போட்டுப் பூட்டினார்கள். இப்படியொரு புத்தி வேறு எந்த ஊருக்காவது வருமா?

வண்டிகள் நின்றன. மனிதர்கள் நிற்கவில்லை. வாகனமில்லாத பாலம் காற்று வாங்கத் தோதாகிவிட்டது. சுண்டல் வண்டி வந்தது, பஜ்ஜிக் கடை வந்தது, கூட்டம் கதவில் சாய்ந்துகொண்டு கதை பேசியது. மங்கையற்கரசி மாலைதோறும் வந்து தன் ஊர்ப் பாதியில் நின்றவர்களை விரட்டினார். ஏச்சும் பேச்சும் வாங்கிக்கொண்டே விரட்டினார். அந்தப் பாதி காலியானது. கோட்டுக்கு இந்தப் பக்கம் அவர் சொல் செல்லவில்லை.

"உங்க பாதியைப் பாத்துக்குங்க மேடம்" என்றார் சுண்டல்காரர்.

மங்கையற்கரசி விடவில்லை. கதவுக்கு அந்தப் புறம் நின்றபடியே தினமும் சொன்னார்: "இது விழும். எறங்கிப் போயிடுங்க." கேட்டுக் கேட்டு அதுவே வேடிக்கையாகிவிட்டது. பிள்ளைகள் அவர் குரலிலேயே சொல்லி விளையாடினார்கள். எனக்கு அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

ஒரு மாலை, நெல்லிநகர் தணிகாசலத்தின் மனைவி அமுதவல்லிக்குப் பிரசவ வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. அறுவை செய்ய வேங்கைநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். பாலத்தை விட்டால் தொலைவிலுள்ள அணை வழிதான்; அதைச் சுற்றிப் போனால் தாங்கமாட்டாள் என்றார் வண்டியில் இருந்த நர்ஸ். சூசை வண்டியைப் பாலத்துக்கே திருப்பினார்.

சைரனுக்குக் கூட்டம் அசையவில்லை. "கதவு பூட்டியிருக்குப்பா, சுத்திப் போ" என்றார்கள்.

தணிகாசலம் வண்டியிலிருந்து குதித்தார். "பாலம் விழுது! தூண் பொளந்துடுச்சு, நானே பாத்தேன்! ஓடுங்க!"

அவர் எதையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வலியில் துடிக்கும் மனைவியை அதன்மேல் அனுப்புவாரா? ஆனால் கூட்டம் விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. சுண்டல்காரர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். கூட்டம் தணிகாசலத்தையும் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. சூசை கம்பியால் பூட்டை உடைத்துக் கதவைத் தள்ளினார். எதிர்க்கரையிலிருந்து மங்கையற்கரசி கையை வீசிக் கத்தினார்: "நிக்காதீங்க! போய்க்கிட்டே இருங்க!"

ஆம்புலன்ஸ் அக்கரை சேர்ந்த சற்று நேரத்தில் நிலம் நடுங்கியது. நடுத்தூண் சரிந்தது. பாலம் ஆற்றில் விழுந்தது. சுண்டல் வண்டி போயிற்று; ஓர் உயிரும் போகவில்லை. அங்கே தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இங்கே தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்: "என் நாக்குல சனி! நான் சொல்லித்தான் விழுந்துடுச்சு!"

புதுப் பாலம் எழுந்தது. முதல் அடி வைப்பவரின் பெயரே பாலத்துக்கு வழங்கும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். எனவே வழக்கு எழுந்தது.

"சூசை பூட்டை ஒடைக்கலேன்னா ரெண்டு உயிர் போயிருக்கும்" என்றார் நர்ஸ்.

"தணிகாசலம் கத்தலேன்னா நான் இன்னிக்கு மாலை போட்ட போட்டோவுல இருப்பேன்" என்றார் சுண்டல்காரர்.

"மொதல்ல சொன்னது எங்க மேடம்" என்றது வேங்கைநகர். "சொல்லி யார் கேட்டா?" என்றது நெல்லிநகர்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பூட்டை உடைத்தவருக்கா, பொய் சொன்னவருக்கா, யாரும் கேட்காத உண்மையைச் சொன்னவருக்கா? முதல் அடி யாருக்கு உரியது?

விடை: சூசையின் துணிச்சல் பெரிதுதான், ஆனால் பாரம் தாங்கும் என்பதை அவர் மங்கையற்கரசியின் வாயால் கேட்டிருந்தார். தணிகாசலம் காப்பாற்ற நினைத்தது தன் மனைவியை; ஊர் பிழைத்தது அவர் அறியாமல். அவர் கத்தியதும் ஊர் ஏன் ஓடியது? வேறொரு பாலத்தில் கத்தியிருந்தால் பைத்தியம் என்று சிரித்திருப்பார்கள். மாலைதோறும் ஒரு பெண் சொன்ன சொல், சிரித்தவர்கள் மனத்திலும் தங்கியிருந்தது. பொய்க்கு ஏது கால்? அன்று அது அந்தப் பெண்ணுடைய உண்மையின் காலில் ஓடியது. முதல் அடி மங்கையற்கரசிக்கே. விழாவன்று அவர் பாலத்தின் முகப்பில் நின்றுவிட்டார். நடுவில் இரண்டு பேர் மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு காத்திருந்தார்கள். "அதை மூடி எடுத்துக்கிட்டுப் போங்க, அப்பறம் காலை வைக்கிறேன்" என்றார். மூடினார்கள். வைத்தார்.