பெருக்கி வைத்த முற்றம்

"தாயே, இன்னைக்கு ராத்திரி புலி வருமா?"

"தெரியாது அண்ணாச்சி."

"நாளைக்கு?"

"அதுவும் தெரியாது."

"பின்னே என்னதான் தெரியும் உங்களுக்கு?"

"முத்தம் முழுக்கச் சருகு கிடக்கு. அது தெரியுது."

சொல்லிவிட்டுச் செண்பகத்தம்மாள் வாரியலை எடுத்துத் திருமலைக்கொழுந்தின் கையில் கொடுத்தாள்.

அவருக்குக் கோபம் வந்தது. வராதா பின்னே? நெல் வியாபாரம் செய்தவர். நாலு ஊரில் மதிப்பாக நடந்தவர். மீசையைப் பார்த்தே ஆள் ஒதுங்கும். சாமியாரம்மா என்று ஊர் சொன்னதை நம்பி, பயத்துக்கு ஒரு மந்திரம் கேட்டு மலையேறி வந்தால், தங்கச்சி வயசுப் பெண்பிள்ளை ஒருத்தி விளக்குமாற்றை நீட்டுகிறாள்!

கீழே இறங்கிப் போகவும் வழியில்லை. ராசாக்கள் மாறிக்கொண்டே இருந்த காலம் அது. எந்தப் படை எப்போது வரும், எந்தக் கொள்ளைக்கூட்டம் எந்த ஊரில் புகும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. கீழே மனுசன், மேலே புலி. நல்லா வந்து மாட்டினேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

புலி ஒன்றும் கட்டுக்கதை இல்லை. பக்கத்துச் சரிவில் தேன் எடுக்கப் போனவனை அடித்துப் போட்டிருந்தது. மிச்சத்தைத் துணியில் கட்டித் தூக்கி வந்ததை இவர் கண்ணால் பார்த்தார்.

"எப்பப் பெருக்கணும்?"

"பொழுது சாயும்போது. பெருக்கி, தண்ணி தெளிச்சிருங்க. விடிஞ்சதும், யாரும் கால் வைக்க முன்னே வந்து பாருங்க."

"பாத்து?"

"என்ன பாத்தியளோ அதை எங்கிட்ட சொல்லுங்க."

அவ்வளவுதான் உபதேசம்.

பெருக்கினார். தண்ணீர் தெளித்தார். பிறகு தனக்கு விட்டிருந்த குடிசைக்குள் போய், கதவாக இருந்த மூங்கில் படலைச் சாத்திக்கொண்டு, அரிவாளை மடியில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டார். சருகு அசைந்தால் புலி. காற்று அடித்தால் புலி. தன் வயிறு கடமுட என்றாலும் புலிதான்.

விடிந்ததும் அவள் குடிசைக்கு ஓடினார்.

"ஒரு புலி இல்ல தாயே, பத்துப் புலி! உறுமுனதை என் காதால கேட்டேன்."

"முத்தத்தைப் பாத்தியளா?"

எங்கே பார்த்தார்? இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்தார்கள். ஈர மண்ணில் சின்னச் சின்னதாய்த் தத்திப் போன தடம்.

"முயல்," என்றாள்.

"முயலா உறுமிச்சு?"

"அதை முயல்கிட்டதான் கேக்கணும்."

மறுநாள் கயிற்றை இழுத்துக்கொண்டு போனாற்போல ஒரு கோடு. பாம்பு. இன்னொரு நாள் மண்ணைக் கிளறிப் போட்டிருந்தது. பன்றி. ஒரு ராத்திரி படலுக்கு அந்தப் பக்கம் புஸ் புஸ்ஸென்று மூச்சு விடும் சத்தம். தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டு முடித்து, தெரியாத சாமியையும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார் மனுசன். காலையில் பார்த்தால் கட்டவிழ்ந்த கன்றுக்குட்டியின் குளம்புத் தடம்.

"பயம் போகலையே தாயே," என்றார்.

"சருகு போச்சா?"

"போச்சு."

"சரி."

ஒரு நாள் விடியலில் அவர் போட்ட கூச்சலுக்கு மரத்தில் இருந்த பறவை எல்லாம் கிளம்பிப் போயிற்று.

"வந்துட்டானுவ தாயே! கொள்ளைக்காரனுவ மேலேயும் ஏறி வந்துட்டானுவ!"

குடிசையைச் சுற்றி மனுசக் கால் தடம். ஒன்றின் மேல் ஒன்றாக, சுற்றிச் சுற்றி. விடிய விடிய எவனோ நோட்டம் பார்த்திருக்கிறான்.

செண்பகத்தம்மாள் குனிந்து பார்த்தாள்.

"இதுல உங்க காலை வைங்க."

வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது, கோணல் பெருவிரல் உட்பட.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உட்கார்ந்திருக்க மாட்டாமல் ராத்திரி அரிவாளும் கையுமாக நடந்தது யார்? அவரேதான்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இந்த மலையில ராப்பூரா அலையுற சீவன் நீங்க ஒருத்தர்தான் போலிருக்கு அண்ணாச்சி."

"சிரிக்காதீங்க தாயே." அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "நான் தூங்கக் கூடாது. தூங்கவே கூடாது."

"ஏன்?"

"கொள்ளைக்கூட்டம் எங்க ஊருக்குள்ள வந்த ராத்திரி நான் பின்கட்டுல குறட்டை விட்டுத் தூங்கினேன். சத்தம்கூடக் கேக்கலை. விடிஞ்சு வந்து பாத்தா, வாசல்ல என் தம்பி குத்தாலிங்கம் வெட்டுப்பட்டுக் கிடக்கான். ஒரே தம்பி தாயே. நான் முழிச்சிருந்தா அவன் இருந்திருப்பான்."

அவள் சிரிப்பு நின்றது.

"இன்னைக்குப் பலா மரத்தடியையும் சேத்துப் பெருக்குங்க," என்றாள்.

இதுக்கு இதுதானா பதில் என்று அவருக்கு நெஞ்சு கொதித்தது. ஆனாலும் சாயங்காலம் பலா மரத்தடியையும் சேர்த்துப் பெருக்கினார்.

நாள் போயிற்று. கீழேயிருந்து வருகிற சேதி ஒன்றும் நல்ல சேதியாக இல்லை. புலி இன்னொரு ஊரில் மாட்டை இழுத்துப் போயிற்று. அவர் பெருக்கினார். ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார். ஓடைப் பக்கம் மட்டும் முதுகைக் காட்ட மாட்டார். பிடரியில் ஏதோ ஊர்வது மாதிரி இருக்கும். பெருக்கி முடிக்கும்போது தோள் இற்றுப் போகும்.

படலோரம் உட்கார்ந்திருந்தவர் சுவரில் சாய்ந்தார். சாய்ந்தவர் படுத்தார். மடியில் இருந்த அரிவாள் எப்போது தரைக்கு இறங்கியது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

பிறகு அந்த விடியல் வந்தது.

படலைத் திறந்தவர் காலை வெளியே வைக்கவில்லை. வைக்க முடியவில்லை.

விரித்த கை அகலத்துக்குத் தடம். நாலு விரல், நடுவே பெரிய பள்ளம். ஓடைப் பக்கமிருந்து அவர் பெருக்கி வைத்த முற்றத்தின் நட்டநடுவே நிதானமாக நடந்து, நேரே அவர் படலுக்கு வந்திருந்தது. அங்கே மண் அமுங்கிக் கிடந்தது. பக்கத்தில் வால் இப்படியும் அப்படியும் அடித்த கோடு. அப்புறம் திரும்பி, காட்டுக்குள் போயிருந்தது.

நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

செண்பகத்தம்மாள் வந்தாள். பார்த்தாள். முயல் என்று சொல்ல மாட்டாளா, பன்றி என்று சொல்ல மாட்டாளா என்று அவர் அவள் வாயையே பார்த்தார்.

"புலிதான்," என்றாள்.

"உக்காந்திருக்கு தாயே." அவர் அமுங்கிய மண்ணைக் காட்டினார். "அது பாட்டுக்கு உக்காந்திருக்கு. படலுக்கு அந்தப் பக்கம் அது. இந்தப் பக்கம் நான்."

"நீங்க என்ன செஞ்சுக்கிட்டிருந்திய?"

அவர் உள்ளே திரும்பித் தான் படுத்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"தூங்கிட்டேன்," என்றார். "ஐயோ, மறுபடியும் தூங்கிட்டேன்! நான் உருப்படுவேனா? எனக்கெல்லாம் புத்தி வருமா?" தலையில் மடார் மடாரென்று அடித்துக்கொண்டார்.

அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"முழிச்சிருந்தா என்ன செஞ்சிருப்பிய?"

"என்ன செஞ்சிருப்பேனா? சத்தம் கேட்டதும் அரிவாளைத் தூக்கிக்கிட்டுப் படலைத் திறந்து..."

நிறுத்திக்கொண்டார்.

படலைப் பார்த்தார். அமுங்கிக் கிடந்த மண்ணைப் பார்த்தார். மறுபடியும் படலைப் பார்த்தார்.

செண்பகத்தம்மாள் அவர் கையை விட்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

சாயங்காலம் வழக்கம்போல வாரியலை எடுத்தார். நிலைப்படியிலிருந்து தொடங்கினார். வால் அடித்த கோடு போயிற்று. ஒவ்வொரு தடமாகப் போயிற்று. முற்றத்தின் பாதியில் நின்றார்.

"தாயே."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அந்த ராத்திரி எங்க வீட்டுக் கதவைக் கொள்ளைக்காரனுவ உடைக்கலை." வாரியலை மண்ணில் ஊன்றிக்கொண்டார். "தாழ்ப்பாள்கூடச் சேதமில்லாம இருந்துச்சு. குத்தாலிங்கம் முழிச்சுத்தான் இருந்திருக்கான். சத்தம் கேட்டு அவனே திறந்திருக்கான்."