மைனா கேட்காத குரல்

ராசாக்கள் யானைமேல் ஏறி நகர்வலம் வந்த காலம் அது. கேளுங்கள் தாய்மாரே, தகப்பன்மாரே. குன்றின் அடிவாரத்தில், ஊருக்கு ஒதுங்கிய ஒற்றைக் குடிசையில் பேச்சி என்று ஓர் ஆட்டுக்காரி இருந்தாள். புருஷன் இல்லை. மாடத்தி என்று ஒரே மகள், ஏழு வயது.

பேச்சிக்குப் பேருக்கேற்ற வாய். பானை உடைந்தால் கத்துவாள், பால் சிந்தினால் கத்துவாள், ஆடு வழிதவறினால் கத்துவாள். மூன்றுக்கும் ஒரே வசவுதான்: "ஏ மாடத்தி! வீட்டுப் பக்கம் வந்துராத, கால ஒடிச்சுப்புடுவேன்!"

மாடத்தி கல்வேலிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். அரை நாழிகைகூட ஆகாது, பேச்சிக்கு மனசு கேட்காது. வேலியோரம் வந்து, யார் காதிலும் விழாதபடி, "வாடி தங்கம், கூழு ஆறுது" என்பாள். அந்த இரண்டாவது குரல் வராமல் பிள்ளை எழுந்திருக்க மாட்டாள்.

வேலியோரத்து வாகை மரத்தில் ஒரு மைனாக் குஞ்சு வளர்ந்தது. ஆடு கத்துவதைப் படித்தது, உலக்கை இடிப்பதைப் படித்தது, கடைசியில் பேச்சியின் வசவையும் படித்தது. உரக்கச் சொன்னதுதான் பறவைக்கு ஏறும், முணுமுணுத்தது ஏறுமா? கூழுக்குக் கூப்பிட்ட குரல் அதற்குக் கேட்கவே இல்லை.

"என் கொரலு அப்படியே இருக்குதுல்ல!" என்று பேச்சி பூரித்துப்போய் அதற்குக் கம்பஞ்சோறு வைத்தாள். வினையை விலைக்கு வாங்குவார்கள் என்பார்கள். இவள் சோறு போட்டு வளர்த்தாள்.

ஐப்பசியில் ஒருநாள் ஆட்டுக்குட்டி ஒன்றைக் காணோம். பேச்சி வழக்கம்போல் வசவு விட்டாள். மாடத்தி குட்டியைத் தேடிக் குன்றுக்கு அந்தப் பக்கம் போனாள். அடைமழை பிடித்துக்கொண்டது. பொழுது சாயத் தொடங்கியும் பிள்ளை வரவில்லை.

பேச்சி ஓடினாள். வீடு திரும்பாமலே தேடினாள். முதல் நாள் ஓடைக்கரை, இரண்டாம் நாள் மூங்கில் காடு, மூன்றாம் நாள் மலைமுகடு. "வாடி தங்கம்! வாடி தங்கம்!" அந்தச் சொல்லை அவள் உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிக் குரலே போயிற்று.

வெறுங்கையோடு திரும்பியவள் வேலியை நெருங்கும்போது, அவள் குரலே மரத்திலிருந்து அவளை அதட்டியது. "ஏ மாடத்தி! வீட்டுப் பக்கம் வந்துராத!"

கல்வேலிக்குப் பின்னால் மாடத்தி குட்டியைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். சுற்றிலும் மூன்று நாள் புழுக்கை கிடந்தது. குட்டிக்கு உயிர் இருந்தது. பிள்ளை மழையில் விறைத்துப் போயிருந்தாள். முதல் நாளே குட்டியோடு வந்து, மரத்து வசவை ஆத்தாளின் வசவென்று நம்பி, இரண்டாவது குரலுக்காக அங்கேயே காத்திருந்திருக்கிறாள். அதைச் சொல்ல வேண்டியவள் காட்டில் அல்லவா இருந்தாள்!

"நான் சொல்லலடி, என் கண்ணே, நான் சொல்லல..." பேச்சி அலறினாள். சத்தம் வரவில்லை.

அதன்பின் தினமும் மரத்தடியில் உட்கார்ந்து, மைனாவுக்கு இரண்டாவது குரலைச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தாள். போன குரல் திரும்பவே இல்லை. வாயிலிருந்து காற்றுதான் வந்தது. மைனா பழைய வசவையே சொன்னது. அதனிடம் குஞ்சு படித்தது, குஞ்சிடம் அதன் குஞ்சு படித்தது. பேச்சி செத்தாள், குடிசை மண்ணாயிற்று. அந்தக் கல்வேலிப் பக்கம் மைனாக்கள் இன்னும் மாடத்தியை வராதே என்றுதான் சொல்கின்றன.

ஆகையால் பெற்றவர்களே, பிள்ளையைத் திட்டுவதானால் மெல்லத் திட்டுங்கள், கூப்பிடுவதானால் ஊர் கேட்கக் கூப்பிடுங்கள்.