வடக்கே திரும்பிய இடம்

புயல் வருகிறது என்று அறிவித்த காலையிலேயே செண்பகராமன் கரைக்கு ஓடினான். காயலுக்கு நடுவே இருந்த திட்டில் அவன் அக்காவும் அவள் பிள்ளையும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். வள்ளம், தோணி எல்லாவற்றையும் முந்தின நாள் காற்றே அடித்துக்கொண்டு போயிருந்தது. இனி தண்ணீரில் நடந்துதான் கரையேற வேண்டும். எந்த வழியில்?

வீரபாகு ஆசானிடம் கணிதம் படிக்கிறவன் அவன். கணக்கில் பிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தான். காயலின் தரை கிழக்கே எப்படிச் சரிகிறது என்று ஒரு சமன்பாடு, வடக்கே எப்படிச் சரிகிறது என்று இன்னொன்று. இரண்டையும் வைத்து ஆழத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். முதலாவதைத் தொகையிட்டான். கடைசியில் வரும் மாறிலிக்கு, கரையோரம் கம்பு நட்டு அளந்த ஆழத்தைப் போட்டான். அவ்வளவுதான், முடிந்தது!

"ஆசானே, வழி முழுக்க இடுப்பளவுதான். வரச் சொல்லட்டா?"

ஆசான் தாளைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். நீளக் கயிற்றின் ஒரு முனையைக் கரைத் தென்னையில் கட்டி, மறுமுனையில் அவனையும் தன்னையும் பிணைத்துக்கொண்டார்.

"வாடே, முதல்ல நாம நடப்போம்."

கிழக்கே நடந்தார்கள். கணக்கு சொன்னபடியே முழங்கால், தொடை, இடுப்பு. செண்பகராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு திட்டைப் பார்த்து வடக்கே திரும்பினார்கள். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. காலடியில் மணல் நழுவியது. வாயில் உப்புத்தண்ணீர் ஏறியதும் அவன் கயிற்றை இறுகப் பிடித்தான்.

"ஆசானே, பயமாட்டு இருக்கு! திரும்பிருவோம்!"

"எதுக்குடே? இடுப்பளவுன்னு நீதானே சொன்ன?"

திட்டில் அக்கா பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தம்பி எப்போது கைகாட்டுவான் என்று பார்த்து நின்றாள். அவனைவிட ஒரு சாண் குள்ளம் அவள்.

"அக்கா, இறங்காத! இறங்காத!" தொண்டை கிழியக் கத்தினான். அவள் பின்வாங்கினாள்.

கயிற்றைப் பிடித்துக் கரைக்கு வந்து விழுந்தார்கள்.

"கிழக்கே போறப்ப மாறிலிக்கு நான் போட்ட அந்த எண் ஒரு இம்மிகூட மாறலியே, ஆசானே!"

ஆசான் தாளை எடுத்து, அவன் தொடாமல் விட்ட இரண்டாவது சமன்பாட்டின் மேல் விரலை வைத்தார்.

"கிழக்கே போறவனுக்கு அது மாறாது. வடக்கே போனா என்ன ஆகும்னு இதுகிட்ட கேட்டியா?"

செண்பகராமன் தாளை வாங்கினான். எண்ணை அழித்து, அந்த இடத்தில் வடக்கே போகப் போக மாறும் ஒன்றை எழுதினான். அதைக் கண்டுபிடிக்க இரண்டாவதையும் தொகையிட்டான். இன்னும் கிழக்கே போய் வடக்கே திரும்பினால் வழி முழுக்க இடுப்பளவு என்று வந்தது.

இந்தத் தடவை அவன் அக்காவை வரச் சொல்லட்டா என்று கேட்கவில்லை. ஈரக் கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் கட்டினான்.