ஒரே இலையில் சாப்பிட்ட பந்தாட்டக்காரர்கள்

குளத்தங்கரை ஊர் ஒன்றில் அணஞ்சபெருமாள் என்று ஒருத்தர் இருந்தாராம். ராஜா சோறு போட்டு வளர்த்த பந்துக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். அவரை ஊர் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். தன் ஆட்டக்காரர் இருவரை எதிரெதிரே உட்கார வைத்து, நடுவில் ஒரே இலை போட்டு, தன் கையால் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். "ஒரே இலையில தின்னவன் பந்தை மறைக்க மாட்டாம்லே" என்று எப்போதும் சொல்வாராம். மறுநாள் காலையில் அவர் இல்லை.

என்ன பந்து என்று கேட்கிறீர்களா? இரண்டாள் உயரப் பனந்தூண், அதன் தலையில் அடியில்லாத கூடை, அதற்குள் பந்தைப் போட வேண்டும், பக்கத்துக்கு ஐந்து பேர், அவ்வளவுதான்.

அந்த இருவரில் ஒருவன் உச்சிமாகாளி. எம்பினான் என்றால் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவான். மற்றவன் கொம்பையா. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால், துரத்துகிற நாய்கூட அவன் நிழலைத்தான் கடிக்கும். அப்படி இருவரை ஒரே ஊர் பெற்றது அந்த மண்ணின் யோகம்.

பெரியவர் போனதும், தலைவர் கட்டுகிற அவருடைய சிவப்புத் தலைப்பாகை மேல் ராஜாவின் மச்சினன் சங்கிலிக்கு ஆசை வந்தது. இந்த இருவரும் சேர்ந்திருந்தால் அது கிடைக்காதே. அதனால் பந்தியில் இரண்டு இலை போட்டான். போட்டுவிட்டு உச்சிமாகாளியிடம் போனான். "உன்னைக் கொம்பையா ஒட்டடைக்கம்புங்கான்." அப்புறம் கொம்பையாவிடம் போனான். "உன்னை அவன் எலிங்கான். முதல் இலை தனக்குத்தானாம்."

அப்புறம் என்ன, முதல் ஆட்டத்தில் இவன் அவனுக்குப் பந்து கொடுக்கவில்லை, தோற்றார்கள். இரண்டாவது ஆட்டத்தில் அவன் இவனுக்குக் கொடுக்கவில்லை, தோற்றார்கள். மூன்றாவது ஆட்டத்தில் இருவரும் ஒரே பந்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்க, எதிராளி சிரித்தபடி வாங்கிப் போனான், அதிலும் தோற்றார்கள்.

இதைக் கேள்விப்பட்ட மேலூர் ராஜா பந்தயத்துக்குக் கூப்பிட்டான். தோற்றால் மூன்று வருஷம் குளத்து மடை மேலூருக்கு. நாற்று முளைத்து நிற்கிற நேரம். ஊரே வரப்பைவிட்டு வந்து ஆடுகளத்தைச் சுற்றி நின்றது. பாதி ஆட்டத்தில் மேலூர் பன்னிரண்டு, இவர்கள் மூன்று.

ஐந்தாவது ஆள் பேச்சிமுத்து. கொஞ்சம் மந்தம் என்று பெயர், நினைப்பெல்லாம் சோற்றில். இடைவேளையில் தயிர்ச்சோறும் ஒற்றை இலையுமாக வந்தான்.

"அண்ணே, ஒரு இலைதான் இருக்கு. தின்னா தின்னுங்க, இல்லன்னா நான் தின்னுக்கிடுதேன்."

பசி. இருவரும் உட்கார்ந்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் முகத்தைப் பார்க்காமல் எப்படி?

"எலிகூட உக்காந்தா உனக்குச் சோறு இறங்குதா?" என்றான் கொம்பையா.

"யாரு எலி?"

"நீதான என்னைச் சொன்ன."

"நான் எங்கடே சொன்னேன்? நீதான என்னை ஒட்டடைக்கம்புன்ன."

"யாரு சொன்னா?"

"சங்கிலி. உனக்கு?"

கொம்பையா கையில் இருந்த உருண்டையைப் பார்த்தான். பிறகு அதை உச்சிமாகாளி பக்கம் தள்ளி வைத்தான்.

"தின்னு. எம்பணும்லா."

அப்புறம் ஆடினார்கள் பாருங்கள். கொம்பையா கொடுக்க உச்சிமாகாளி போட, உச்சிமாகாளி கொடுக்கக் கொம்பையா போட, பன்னிரண்டும் பன்னிரண்டும் ஆனது. கடைசிப் பந்து கொம்பையா கையில், மூன்று பேர் அவனை வளைத்து நிற்கிறார்கள். திரும்பியே பார்க்காமல் தலைக்குப் பின்னால் வீசினான். அங்கே உச்சிமாகாளி ஏற்கெனவே ஆகாசத்தில் இருந்தான். பந்து கூடைக்குள் விழுந்தது.

ஆட்டம் முடிந்து பார்த்தால், இடைவேளையில் பேச்சிமுத்து உட்கார்ந்திருந்த இடத்தில் நசுங்கிய இன்னொரு வாழையிலை கிடந்தது.

ஊர் ராஜா தலைப்பாகையை நீட்ட, "அவனுக்கு" என்றான் இவன், "அவனுக்கு" என்றான் அவன். கடைசியில் அதைத் தூணிலேயே கட்டினார்கள். நடந்ததை இருவரும் சொல்லக் கேட்டு, சங்கிலியை ராஜா கூப்பிட்டார். "இலை போட ஆசைப்பட்டீரே மாப்ள, இனி எடுத்தும் போடும்." சாகிறவரை பந்தியில் எச்சில் இலை எடுத்தான்.

இடையில் புகுந்து இலையைப் பிரித்தவன் கதை இதோடு சரி. அந்த ராஜாவும் இல்லை, அரண்மனையும் இல்லை. பனந்தூண் நிற்கிறது. குளத்து மடையில் தண்ணீர் ஓடுகிறது.